விற்றமின் ஏயும் கலத்துக்குள் இருக்கும் வாங்கிகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சிப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். "விற்றமின் ஏ கண்ணுக்கு நல்லது" என்ற ஒரு வரியோடுதான் பிள்ளைகள் வகுப்புக்கு வருகிறார்கள். அவர்களுடைய அம்மாமாருக்கும் அந்த வரிதான் தெரியும். வரியில் பிழையில்லை. ஆனால் அதோடு நின்றுவிட்டால் பெரிய விடயம் ஒன்று விடுபட்டுப் போகிறது. விற்றமின் ஏயிலிருந்து உடல் ஓர் அமிலத்தைச் செய்கிறது. அந்த அமிலம் கலத்தின் கருவுக்குள் போய், எந்தப் பரம்பரையலகு (ஜீன்) வேலை செய்ய வேண்டும், எது அடங்கி இருக்க வேண்டும் என்பதையே மாற்றுகிறது.

முன்பு என்னிடம் படித்த பிள்ளை ஒருத்தி, கல்யாணத்துக்கு இரண்டு மாதம் இருக்கும்போது வீட்டுக்கு வந்தாள். கைப்பையிலிருந்து ஒரு குளிசை அட்டையை எடுத்துக் காட்டி, "ரீச்சர், இது முகப்பருவுக்கு. விற்றமின் மாதிரித்தான் என்று சொன்னவை. தொடர்ந்து எடுக்கலாம்தானே?" என்று கேட்டாள். அட்டையில் பாதி முடிந்திருந்தது. அதைக் கொடுத்த இடத்தில் வேறொன்றும் சொல்லவில்லையாம். அந்தக் கேள்விக்காகத்தான் இதை எழுதத் தொடங்கினேன். மற்றவை வகுப்பிலும், கிளினிக் வாசலிலும், சந்தையிலும் ஒவ்வொன்றாகச் சேர்ந்த கேள்விகள்.

விற்றமின் ஏ என்பது ஒரே பொருளா?

ஒரு குடும்பம் என்று சொல்வதே சரி. இரத்தத்தில் பயணம் செய்யும் வடிவம் ரெற்றினோல். ஈரலில் சேமித்து வைக்கும் வடிவம் ரெற்றினைல் எஸ்ரர். கண்ணில் வேலை செய்வது ரெற்றினல். கலத்தின் கருவுக்குள் போவது ரெற்றினோயிக் அமிலம். ரெற்றினோல் ரெற்றினலாக மாறும், திரும்ப ரெற்றினோலாகவும் வரும். ஆனால் ரெற்றினல் ஒருமுறை ரெற்றினோயிக் அமிலமாகிவிட்டால் பிறகு திரும்பி வர வழியில்லை. இந்த ஒருவழிப் பாதையை ஞாபகத்தில் வைத்திருங்கள், கீழே மாலைக்கண் பற்றிச் சொல்லும்போது தேவைப்படும்.

ஈரல், முட்டை மஞ்சள்கரு, பால், மீன் எண்ணெய் ஆகியவற்றில் இது ஆயத்தமாகவே கிடைக்கிறது. இலையிலும் பழத்திலும் கிடைப்பது பீற்றா கரோற்றின். அதை உடல்தான் விற்றமின் ஏயாக மாற்றிக்கொள்ள வேண்டும்.

முருங்கை இலை வறை சாப்பிட்டால் அது எப்படிக் கலம் வரைக்கும் போகிறது?

முருங்கைக் கொப்பை முறித்து வந்து, காம்பைப் பிடித்து இலையை உருவும்போது பச்சையைத்தான் பார்க்கிறோம். கரோற்றினின் செம்மஞ்சள் அதற்குள்ளேயே இருக்கிறது, பச்சையம் அதை மறைத்து வைத்திருக்கிறது. தாச்சியில் வெங்காயமும் செத்தல் மிளகாயும் வதங்கி, இலையைப் போட்டு, கடைசியில் தேங்காய்ப்பூ போட்டுப் பிரட்டுகிறோமே, அந்தத் தேங்காய்ப்பூ ருசிக்கு மட்டும் உரியதல்ல. கரோற்றின் தண்ணீரில் கரையாது, கொழுப்பில்தான் கரையும். கொழுப்பில்லாமல் அவித்துச் சாப்பிட்டால் அதில் பெரும்பங்கு குடலைத் தாண்டாமலே போய்விடும். எங்கள் ஆச்சிமார் எந்தப் புத்தகமும் பார்க்காமல் சரியாகத்தான் சமைத்திருக்கிறார்கள்.

சிறுகுடல் கலங்களில் ஒரு நொதியம் கரோற்றின் மூலக்கூறை நடுவால் வெட்டுகிறது. ஒன்றிலிருந்து இரண்டு ரெற்றினல் கிடைக்கிறது. அவை ரெற்றினோலாகி, கொழுப்பமிலத்தோடு இணைந்து, கொழுப்புத் துளிகளில் ஏறி, நிணநீர் வழியாக இரத்தத்துக்கும் பிறகு ஈரலுக்கும் போகின்றன. ஆனால் எல்லாக் கரோற்றினும் உறிஞ்சப்படுவதில்லை, எல்லாம் வெட்டப்படுவதுமில்லை. உணவிலுள்ள 12 மைக்ரோகிராம் பீற்றா கரோற்றினுக்கு 1 மைக்ரோகிராம் ரெற்றினோல் என்றுதான் கணக்கு வைக்கிறார்கள்.

ஈரலில் நட்சத்திர வடிவக் கலங்கள் என்று ஒரு வகை உண்டு. உடலிலுள்ள விற்றமின் ஏயின் பெரும்பகுதி அவற்றுக்குள், கொழுப்புத் துளிகளாகச் சேமிக்கப்பட்டிருக்கிறது. நன்றாகச் சாப்பிட்டு வளர்ந்த ஒருவருக்கு இந்தச் சேமிப்பு பல மாதங்களுக்குத் தாங்கும். சிறு பிள்ளைகளின் ஈரலில் அவ்வளவு இருக்காது. இடம்பெயர்ந்து முகாமில் இருந்த மாதங்களில் பச்சை இலையைக் கண்ணால் காண்பதே அரிது. பெரியவர்கள் முன்பு சேர்த்துவைத்ததை எடுத்துச் சமாளித்திருப்போம், பிள்ளைகளிடம் எடுக்க என்ன இருந்திருக்கும் என்று இந்தப் பாடத்தைப் படிப்பிக்கும் ஒவ்வொரு முறையும் நினைப்பேன்.

ஈரல் தேவையான அளவு ரெற்றினோலை ஒரு காவிப் புரதத்தில் ஏற்றி இரத்தத்துக்குள் விடுகிறது. அந்தக் காவி சிறியது, தனியே போனால் சிறுநீரகத்தால் வடிந்துவிடும். அதனால் ட்ரான்ஸ்தைரெட்டின் என்ற இன்னொரு புரதத்தோடு சேர்ந்தே போகும். கண் போன்ற இழையங்களில் கலமென்சவ்வில் ஸ்ட்ரா-6 என்ற புரதம் இருந்து ரெற்றினோலை உள்ளே எடுக்கிறது. இப்படி ஒரு வாசல் இருப்பது 2007இல்தான் தெரியவந்தது. உள்ளே வந்த ரெற்றினோல் இரண்டு படியில் ரெற்றினோயிக் அமிலமாகிறது. அதை இன்னொரு சிறிய புரதம் கருவுக்குள் கொண்டுபோய்க் கொடுக்கிறது.

வாங்கி என்றால் என்ன? அது எங்கே இருக்கிறது?

வாங்கி ஒரு புரதம். குறிப்பிட்ட ஒரு மூலக்கூறு வந்து பொருந்துவதற்கென்று அதில் ஒரு குழி இருக்கும். பொருந்தியதும் புரதத்தின் வடிவம் மாறும், அதைத் தொடர்ந்து கலத்தின் நடத்தையும் மாறும்.

சீனி வருத்தக்காரர் ஏற்றும் இன்சுலினை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் வாங்கி கலத்தின் மேற்பரப்பில் இருக்கிறது. இன்சுலின் படலையில் நின்று கூப்பிட்டுவிட்டுப் போய்விடும், வீட்டுக்குள் வரத் தேவையில்லை. ரெற்றினோயிக் அமிலம் அப்படியில்லை, கொழுப்பில் கரைவதால் நேரே உள்ளே வந்துவிடும். அதன் வாங்கி கருவுக்குள், டி.என்.ஏ.யின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. ஈஸ்திரஜன், தைரொயிட் ஓமோன், விற்றமின் டி ஆகியவற்றின் வாங்கிகளும் இதே வம்சம்தான். மனிதரில் இந்த வம்சத்தில் மொத்தம் 48 வாங்கிகள் உண்டு. விற்றமின் ஏயை, ஓமோன் போல நடந்துகொள்ளும் விற்றமின் என்று வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறேன்.

அமிலம் வந்து பொருந்தியதும் வாங்கியில் உண்மையில் என்ன நடக்கிறது?

பிள்ளைகள் அதிகம் பிழைவிடும் இடம் இது. ரெற்றினோயிக் அமிலம் வந்து வாங்கியை எழுப்பி டி.என்.ஏ.க்குக் கூட்டிக்கொண்டு போகிறது என்று எழுதுகிறார்கள். அமிலம் வருவதற்கு முன்பே வாங்கி டி.என்.ஏ.யில் இருக்கிறது. சும்மாவும் இருக்கவில்லை.

இரணைமடுக் குளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் நிறைந்து நிற்கிறது, துருசுக் கதவு இறக்கியிருக்கிறது. துருசடியில் ஆள் உண்டு. தண்ணீர் விடும் நாள்வரைக்கும் கதவை இறக்கி வைத்திருப்பதும் அவருடைய வேலைதான். கூட்டம் வைத்து, சிறுபோகத்துக்கு இன்ன திகதியில் தண்ணீர் என்று முடிவாகி, அந்தச் சேதி வந்ததும் அதே ஆள்தான் கதவை உயர்த்துகிறார். பூட்டி வைத்திருப்பவரும் திறப்பவரும் ஒருவரே.

வாங்கியும் அப்படித்தான். அமிலம் இல்லாத நேரத்தில் அது அடக்கும் புரதங்கள் சிலவற்றைத் தன்னோடு பிடித்து வைத்திருக்கிறது. டி.என்.ஏ. நூல் ஹிஸ்ரோன் என்ற புரத உருண்டைகளில் சுற்றப்பட்டிருக்கிறது அல்லவா? அடக்கும் புரதங்களோடு வரும் நொதியங்கள் அந்த உருண்டைகளிலிருந்து அசற்றைல் கூட்டங்களைக் கழற்றுகின்றன. கழற்றினால் நூல் இறுகும். இறுகிய இடத்திலுள்ள பரம்பரையலகை வாசிக்க முடியாது.

இப்போது ரெற்றினோயிக் அமிலம் வருகிறது. வாங்கியின் குழியுள்ள பகுதி பன்னிரண்டு சுருள்களால் ஆனது. அமிலம் குழிக்குள் இறங்கியதும் பன்னிரண்டாவது சுருள் மடிந்து வந்து குழியின் வாயை மூடுகிறது. 1995இல் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரத்து ஆய்வாளர்கள், அமிலம் பொருந்திய வாங்கியின் படத்தையும் வெறும் குழியோடு இருந்த அதன் உறவு வாங்கி ஒன்றின் படத்தையும் எக்ஸ்ரே மூலம் பெற்று வெளியிட்டார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அந்தச் சுருள் இருக்கும் இடம் பளிச்சென்று தெரியும். ஒன்றில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது, மற்றதில் மூடிபோல் கவிழ்ந்திருக்கிறது. ஒரு சுருளின் இந்த அசைவுதான் எல்லாவற்றுக்கும் காரணம். மூடி கவிழ்ந்ததும் அடக்கும் புரதங்கள் பிடித்திருந்த இடம் குலைந்து அவை விலகுகின்றன. மூடியின் முதுகில் புதிதாக ஒரு பள்ளம் உண்டாகிறது, தூண்டும் புரதங்கள் அதில் வந்து பொருந்துகின்றன. அவை அசற்றைல் கூட்டங்களைத் திரும்பப் பூட்டுகின்றன, நூல் தளர்கிறது, பரம்பரையலகு வாசிக்கப்படத் தொடங்குகிறது.

சரி, திறந்த கதவை யார் மூடுவது? இந்த விடயத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. ரெற்றினோயிக் அமிலம் திறந்துவிடும் பரம்பரையலகுகளில் ஒன்று, ரெற்றினோயிக் அமிலத்தையே சிதைக்கும் நொதியத்தைச் செய்வது. சிப்-26 என்பது அதன் பெயர். தண்ணீர் விடும் சேதியோடு கூடவே, நிறுத்தும் ஏற்பாடும் தொடங்கிவிடுகிறது. அமிலம் குறைந்ததும் வாங்கி பழையபடி பூட்டி வைத்துக்கொள்ளும்.

ஆர்.ஏ.ஆர்., ஆர்.எக்ஸ்.ஆர். என்று இரண்டு பெயர் சொல்கிறார்களே, ஏன் இரண்டு?

இவை கருவுக்குள் இருக்கும் இரண்டு வாங்கிகளின் பெயர்கள். இரண்டும் சோடியாகத்தான் டி.என்.ஏ.யில் உட்காரும். ஏ-ஜீ-ஜீ-ரி-சி-ஏ என்ற ஆறெழுத்து வரிசை, ஐந்தெழுத்து இடைவெளி, மறுபடியும் அதே ஆறெழுத்து. இதுதான் அவை அதிகம் தேடும் இடம். ஒவ்வொரு வாங்கியும் நாக அயன்கள் தாங்கும் இரண்டு விரல் போன்ற மடிப்புகளால் தன் பாதியைப் பற்றிக்கொள்கிறது. நாகம் என்று பாடப்புத்தகம் சொல்வது நீங்கள் கடையில் கேட்கும் சிங்க்தான்.

ஆர்.ஏ.ஆர். ரெற்றினோயிக் அமிலத்துக்கே உரியது. ஆர்.எக்ஸ்.ஆர். பலருக்கும் பொதுவான சோடி. விற்றமின் டியின் வாங்கியும், தைரொயிட் ஓமோனின் வாங்கியும் அதையே துணைக்குத் தேடுகின்றன. ஆர்.எக்ஸ்.ஆரின் குழிக்குள் பொருந்துவது அமிலத்தின் வளைந்த வடிவமான 9-சிஸ் ரெற்றினோயிக் அமிலம். நீளமான, வளையாத வடிவம் ஆர்.ஏ.ஆருக்குள் மட்டும் பொருந்தும். இரண்டிலும் அல்பா, பீற்றா, காமா என்று மும்மூன்று வகை உண்டு. தோலில் அதிகம் இருப்பது காமா.

1987 டிசம்பரில் பிரான்சில் பியர் ஷாம்போன் குழுவும், அமெரிக்காவில் ரொனால்ட் எவன்ஸ் குழுவும் தனித்தனியே ஆர்.ஏ.ஆரைக் கண்டறிந்து அறிவித்தார்கள். ஆர்.எக்ஸ்.ஆர். 1990இல் எவன்ஸ் குழுவிடமிருந்து வந்தது.

மாலைக்கண்ணும் இந்த வாங்கிகளால்தான் வருகிறதா?

இல்லை. கண்ணில் நடப்பது வேறு கதை. விழித்திரையின் கோல்கலங்களில் ஒப்சின் என்ற புரதத்தோடு ரெற்றினல் பிணைந்திருக்கிறது. வளைந்த ரெற்றினல் மேல் ஒளி பட்டதும் அது நிமிர்கிறது, அந்த நிமிர்வு ஒப்சினைத் தட்டிவிடுகிறது, நரம்புக்குச் சேதி போகிறது. பரம்பரையலகு எதுவும் திறக்கத் தேவையில்லை, கண்ணிமைக்கும் நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். இதற்காக ஜோர்ஜ் வால்டுக்கு 1967இல் நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது.

இரண்டு கதையும் வேறு வேறு என்பதற்கு, டௌலிங், வால்ட் இருவரும் 1960இல் வெளியிட்ட ஒரு பரிசோதனை போதும். விற்றமின் ஏ இல்லாத உணவில் வளர்த்த எலிகளுக்கு ரெற்றினோயிக் அமிலத்தை மட்டும் கொடுத்தார்கள். எலிகள் நன்றாக வளர்ந்தன, நிறை கூடியது, பார்க்கச் சுகதேகிகள். ஆனால் மாலைக்கண் வந்து, பிறகு குருடாகின. அமிலம் வாங்கிகளின் தேவையைத் தீர்த்தது, ரெற்றினலாகத் திரும்ப முடியாததால் கண்ணைக் காப்பாற்றவில்லை. மேலே சொன்ன ஒருவழிப் பாதை இதுதான்.

ஆனால் கண் வறள்வது, கருவிழி புண்ணாவது ஆகியவை வாங்கிகளின் பக்கம் சேரும். கண்ணின் மேற்சவ்வு ஈரமாக இருக்க வேண்டும் என்றால் அங்குள்ள கலங்களில் ரெற்றினோயிக் அமிலத்தின் கட்டளை தொடர்ந்து இருக்க வேண்டும். அது நின்றால் அந்தக் கலங்கள் சளியச் சுரப்பை விட்டுவிட்டுத் தோல்போலக் கெரற்றினைச் செய்யத் தொடங்கும். வெள்ளைவிழியில் நுரைபோன்ற வெண்திட்டு தெரிந்தாலோ, பொழுதுபட்டதும் பிள்ளை தட்டுத்தடுமாறி நடந்தாலோ, காத்திருக்காமல் வைத்தியரிடம் காட்டுங்கள்.

ஒரே அமிலம் தோலில் ஒன்று, இரத்தத்தில் ஒன்று செய்வது எப்படி?

ஒரே தண்ணீர்தான் நெல்வயலுக்கும் மிளகாய்த் தோட்டத்துக்கும் போகிறது. எந்தக் கலத்தில் எந்தப் பரம்பரையலகு ஏற்கெனவே தளர்ந்திருக்கிறது, எந்த வகை ஆர்.ஏ.ஆர். இருக்கிறது, அமிலத்தைச் செய்யும் நொதியமும் சிதைக்கும் நொதியமும் எவ்வளவு என்பவற்றைப் பொறுத்துப் பலன் வேறுபடும்.

வயிற்றிலிருக்கும் பிள்ளைக்கு விற்றமின் ஏ ஏன் இவ்வளவு முக்கியம் என்கிறார்கள்?

1933இல் அமெரிக்காவின் டெக்சஸில் பிரெட் ஹேல் என்பவர் ஒரு பெண் பன்றிக்கு விற்றமின் ஏ இல்லாத தீவனம் கொடுத்து வளர்த்த கதையை எழுதினார். அது 11 குட்டி ஈன்றது. பதினொன்றுக்கும் கண்விழி இல்லை. தாயின் உணவில் ஒரு சத்துக் குறைந்தாலே குட்டி ஊனத்தோடு பிறக்கும் என்று உலகம் அறிந்த முதல் சந்தர்ப்பங்களில் இது ஒன்று.

முளையத்தில் ரெற்றினோயிக் அமிலம் எல்லா இடத்திலும் ஒரே அளவில் இருப்பதில்லை. சில கலங்கள் அதைச் செய்கின்றன, வேறு சில சிதைக்கின்றன, அதனால் ஓர் இடத்தில் கூடியும் இன்னோர் இடத்தில் குறைந்தும் இருக்கிறது. தான் பின்மூளையின் எந்தத் துண்டைச் சேர வேண்டும், இதயம் எங்கே தொடங்க வேண்டும் என்று கலங்கள் அந்தக் கூடுதல் குறைவைப் பார்த்தே அறிகின்றன. வாங்கிகள் ஹொக்ஸ் என்ற பரம்பரையலகுகளை இடத்துக்கேற்பத் திறப்பது இப்படித்தான். குறைந்தாலும் பிழை, கூடினாலும் பிழை. கூடினால், இருக்கக் கூடாத இடத்திலும் கதவு திறக்கும்.

முகப்பருக் குளிசையும் விற்றமின் ஏதானே, அதில் என்ன பயம்?

என் மாணவி கேட்டது இதுதான். ஐசோரெற்றினோயின் என்ற அந்தக் குளிசை ரெற்றினோயிக் அமிலத்தின் வளைந்த ஒரு வடிவம். 1982இலிருந்து கடுமையான முகப்பருவுக்குக் கொடுக்கப்படுகிறது. மிக நல்ல மருந்து, வேறெதற்கும் மசியாத பருவைக் கூட மாற்றும். உடலுக்குள் அதன் ஒரு பகுதி நிமிர்ந்து, ஆர்.ஏ.ஆருக்குப் பொருந்தும் அமிலமாகிறது.

முருங்கையிலையில் கிடைப்பதற்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டைப் பாருங்கள். இலையிலிருந்து வருவதை குடல் அளந்து வெட்டுகிறது, ஈரல் பூட்டி வைக்கிறது, காவிப் புரதம் அளவாகக் கொண்டுபோகிறது, ஒவ்வொரு கலமும் தனக்கு வேண்டிய அளவு அமிலத்தைத் தானே செய்துகொள்கிறது. குளிசை அந்த நாலு காவலையும் தாண்டி, கடைசிச் சேதியை நேரே எல்லாக் கலத்துக்கும் கொண்டுவருகிறது. முளையத்தில் பார்த்துப் பார்த்து வைத்த கூடுதல் குறைவெல்லாம் அதில் அழிந்துபோகும். கர்ப்பத்தின் தொடக்கத்தில் இதை எடுத்த தாய்மாருக்குக் கருச்சிதைவு அதிகம். காது, முகம், இதயம், மூளை ஆகியவற்றில் ஊனத்தோடு பிறக்கும் ஆபத்து ஏறத்தாழ ஐந்தில் ஒன்றிலிருந்து மூன்றில் ஒன்று வரைக்கும் சொல்லப்படுகிறது. அந்த உறுப்புகள் உருவாகத் தொடங்குவது மூன்றாம், நாலாம், ஐந்தாம் வாரங்களில். பலருக்குத் தான் கர்ப்பம் என்றே அப்போது தெரியாது.

ஆகவே, கர்ப்பமாக இருக்கக்கூடிய எந்தப் பெண்ணும் இதை வைத்தியர் பார்த்து, கர்ப்பமில்லை என்று சோதித்து, நம்பகமான கருத்தடையோடு மட்டும்தான் எடுக்க வேண்டும். நிறுத்திய பிறகும் ஒரு மாதம் கருத்தரிக்கக் கூடாது. சொரியாசிசுக்குத் தரும் அசிட்ரெற்றின் என்ற இதன் சொந்தக்காரனுக்கு அந்தக் காலம் மூன்று வருடம்.

அவளுக்கு இவ்வளவையும் சொல்லி, அடுத்த நாளே தோல் வைத்தியரிடம் போகச் சொன்னேன். வைத்தியர் குளிசையை நிறுத்திவிட்டார். ஆனால் கலியாண வயதிலிருக்கும் எத்தனை பிள்ளைகள் கைப்பையில் அந்த அட்டையோடு திரிகிறார்கள் என்று எண்ணினால் நித்திரை வராது. அக்காவுக்குக் கொடுத்ததைத் தங்கை எடுப்பது, கூட்டாளிக்கு அரை அட்டை கொடுப்பது, இதெல்லாம் எங்கள் ஊரில் நடக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள்.

ஆண்கள் எடுத்தால்?

ஆண் எடுப்பதால் மனைவியின் கருவுக்கு இதே ஆபத்து இருப்பதாகக் காணப்படவில்லை. ஆனால் குளிசை எடுக்கும் காலத்திலும் நிறுத்தி ஒரு மாதம் வரைக்கும் இரத்ததானம் செய்யக் கூடாது. அந்த இரத்தம் ஒரு கர்ப்பிணிக்கு ஏற்றப்படலாம்.

முகத்துக்குப் பூசும் கிறீம்?

ட்ரெற்றினோயின் என்பது ரெற்றினோயிக் அமிலமேதான். அடபலீன் என்பது ஆர்.ஏ.ஆர். பீற்றா, காமா இரண்டையும் குறிவைத்துச் செய்யப்பட்ட பொருள். தோல் வழியாக இரத்தத்துக்குப் போவது மிகக் குறைவு. ஆனாலும் கர்ப்பகாலத்தில் தவிர்க்கவே வைத்தியர்கள் சொல்கிறார்கள். இரவில் பூசுங்கள், முதல் சில வாரம் தோல் சிவந்து உரியும், வெயில் சுடும். எங்கள் வெயிலுக்குக் குடையில்லாமல் வெளிக்கிட வேண்டாம்.

அப்படியென்றால் கர்ப்பிணிகள் ஈரலும் பப்பாப்பழமும் சாப்பிடக் கூடாதா?

பப்பாப்பழம், கரட், பூசணி, முருங்கையிலை, பொன்னாங்காணி ஆகியவற்றிலுள்ள கரோற்றினால் இந்த ஆபத்து இல்லை. வேண்டிய அளவுதான் உடல் மாற்றிக்கொள்ளும். ஈரல் வேறு. ஆயத்தமான விற்றமின் ஏயை ஒரு நாளைக்கு 3000 மைக்ரோகிராமுக்கு மேல் கர்ப்பிணிகள் எடுக்கக் கூடாது என்பது பொதுவான எல்லை. பொரித்த மாட்டீரல் ஏறத்தாழ 85 கிராமிலேயே 6500 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கிறது. தெரியாமல் ஒருநாள் சாப்பிட்டதற்காகப் பதற வேண்டாம். ஆனால் "இரத்தம் ஊறும்" என்று கர்ப்பத்தின் முதல் மாதங்களில் கிழமைக்கிழமை ஈரல் சமைத்துக் கொடுப்பதை மாமிமார் விட்டுவிட்டால் நல்லது. இரும்புச்சத்துக்குக் கிளினிக்கில் தரும் குளிசை இருக்கிறது. மீன் எண்ணெய்க் குளிசையோ வேறு விற்றமின் குளிசையோ வாங்குவதற்கு முன் மருத்துவமாதுவிடம் காட்டுங்கள்.

கிளினிக்கில் பிள்ளைக்குத் தரும் பெரிய அளவு ஆபத்தில்லையா?

உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு, 6 முதல் 11 மாதம் வரைக்கும் 1 இலட்சம் அலகு, ஒரு வயதிலிருந்து ஐந்து வயதுக்குள் 2 இலட்சம் அலகு, நாலு முதல் ஆறு மாதத்துக்கு ஒருக்கா. எண்ணைக் கேட்டால் பயமாகத்தான் இருக்கும். ஆனால் அது சேமிப்பு வடிவம். ஈரல் வாங்கிப் பூட்டி வைத்து மாதக்கணக்கில் சொட்டுச் சொட்டாக விடுகிறது, குளிசை அமிலத்தைப்போல வாங்கிகளில் நேரே போய் விழுவதில்லை. சில பிள்ளைகளுக்கு ஓரிரு நாள் சத்தியோ தலையிடியோ வரலாம், மாறிவிடும். கொடுத்த திகதி கிளினிக் கொப்பியில் எழுதப்படுகிறதா என்று மட்டும் பாருங்கள். ஒரே மாதத்தில் இரண்டு இடத்தில் வாங்கிக் கொடுத்துவிடக் கூடாது.

இதன் பலன் பெரிது. அல்பிரட் சோமர் குழு இந்தோனேசியாவின் அச்சே பகுதியில் செய்த ஆய்வு 1986இல் வெளிவந்தது. விற்றமின் ஏ கொடுத்த கிராமங்களில் பிள்ளைகளின் மரணம் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. மரணங்கள் குறைந்ததற்குக் கண்ணோடு மட்டும் தொடர்பில்லை. சுவாசக் குழாயினதும் குடலினதும் மேற்சவ்வுகளுக்கு அந்த அமிலத்தின் கட்டளை வேண்டும். குடலிலுள்ள சில காவற் கலங்கள் ரெற்றினோயிக் அமிலத்தைச் செய்து, ரி வெண்கலங்களுக்குக் "குடலுக்குப் போ" என்ற விலாசத்தைக் கொடுக்கின்றன என்பதும் 2004இல் தெரியவந்தது. சின்னமுத்து வந்த பிள்ளைக்கு அடுத்தடுத்த இரண்டு நாள் விற்றமின் ஏ கொடுப்பதும் இதற்காகத்தான்.

புற்றுநோய்க்கும் இது மருந்தா?

ஒரேயொரு வகை இரத்தப் புற்றுநோய்க்கு அதிசயமான மருந்து. மகரகமவுக்கும் தெல்லிப்பழைக்கும் போய்வரும் குடும்பங்கள் எங்கள் பக்கத்திலும் உண்டு, ஆதலால் கவனமாகச் சொல்கிறேன். கடுமையான புரோமைலோசைட் லுக்கீமியா என்ற நோயில் 15ஆம், 17ஆம் நிறமூர்த்தங்கள் முறிந்து இடம்மாறி, ஆர்.ஏ.ஆர். அல்பா இன்னொரு புரதத்தோடு ஒட்டிக்கொள்கிறது. ஒட்டிய அந்த வாங்கி அடக்கும் புரதங்களை விடமாட்டாது, உடலிலுள்ள வழக்கமான அளவு அமிலத்துக்கு அது அசையாது. வெண்கலங்கள் முதிராமல் அரைகுறையிலேயே நின்று பெருகுகின்றன.

ஷாங்காயில் வாங் சென்யி என்ற வைத்தியர் 1985இல் ஐந்து வயதுச் சிறுமி ஒருத்திக்கு ரெற்றினோயிக் அமிலத்தைப் பெரிய அளவில் கொடுத்தார். சிறுமி தேறினாள். 1988இல் 24 நோயாளிகளின் விபரத்தை வெளியிட்டார்கள், 23 பேருக்கு இந்த மருந்து மட்டுமே நோயை அடக்கியிருந்தது. புற்றுக் கலங்களைக் கொல்லாமலே, அவற்றை முதிரவைத்து இயல்பான முடிவுக்குக் கொண்டுபோகும் மருந்து இது. இன்று ஆர்செனிக் மருந்தோடு சேர்த்துக் கொடுக்கிறார்கள், பெரும்பாலானோர் முற்றாகக் குணமாகிறார்கள்.

இதைக் கேட்டுவிட்டு, வேறு புற்றுநோய் உள்ளவருக்கு விற்றமின் ஏ வாங்கிக் கொடுக்க வேண்டாம். புகைப்பவர்கள் கரோற்றின் குளிசையே எடுக்கக் கூடாது. பின்லாந்தில் 1994இலும் அமெரிக்காவில் 1996இலும் வெளியான இரண்டு பெரிய ஆய்வுகளில், கரோற்றின் குளிசை எடுத்த புகைப்பிடிப்பவர்களுக்குச் சுவாசப்பைப் புற்றுநோய் குறையவில்லை, கூடியது. சுருட்டும் பீடியும் குடிக்கும் அப்பாமாருக்கு இதைச் சொல்லுங்கள்.

பனங்களியில் விற்றமின் ஏ இருக்கிறதா?

அந்தச் செம்மஞ்சள் நிறமே கரோற்றினொயிட்டுகளால்தான். பனங்காயைப் பிசைந்தால் கை முழுக்க ஒட்டுமே, அதுதான். எல்லாக் கரோற்றினொயிட்டும் விற்றமின் ஏயாக மாறாது. தக்காளியைச் சிவப்பாக்கும் லைக்கோப்பீன் ஒருபோதும் மாறாது. ஆனால் பனங்களியில் பீற்றா கரோற்றினும் உண்டு. பணியாரம் எண்ணெயில் பொரிப்பதால் உறிஞ்சப்படவும் வசதி.

பூசணியும் கரட்டும் தொடர்ந்து கொடுத்ததில் பிள்ளையின் உள்ளங்கை மஞ்சளாகிவிட்டது, செங்கமாரியா?

கண்ணின் வெள்ளையைப் பாருங்கள். கை மஞ்சள், கண் வெள்ளை என்றால் அது தோலில் படிந்த கரோற்றின். அந்த மரக்கறிகளைக் கொஞ்சம் குறைத்தால் சில வாரங்களில் மாறும், மருந்து தேவையில்லை. கண்ணும் மஞ்சளாக இருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.